ஷிண்டோ கோயிலின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? கூரையில் தொடங்குங்கள்

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள், அந்த நாட்டின் பூர்வீக மதமான ஷிண்டோவின் கோயிலில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். தோரி வாசலுக்குக் கீழே நின்று நாலு படம், உள்ளே போய்க் கைதட்டி ஒரு கும்பிடு, அப்புறம் தாயத்து விற்கிற இடம். மூன்றாவது கோயிலுக்கு வரும்போது "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று சலிப்பு தட்டிவிடும். ஒரே மாதிரி இல்லை. ஆனால் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் எங்கே நிற்பது, எதை அண்ணாந்து பார்ப்பது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கட்டடக்கலை படித்திருக்கத் தேவையில்லை, ஜப்பானிய மொழியும் தேவையில்லை.

இரண்டு வயது உண்டு

எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் முதலில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் எப்போதிலிருந்து வழிபாடு நடக்கிறது என்பது ஒன்று. எதிரே நிற்கிற மரக்கட்டடம் எப்போது கட்டியது என்பது இன்னொன்று. வழிகாட்டிப் பலகைகளும் இணையதளங்களும் இரண்டையும் குழப்பித்தான் எழுதும்.

நாராவில் இருக்கும் கசுகா கோயில் 768-இல் தொடங்கியது, ஆனால் இன்று நிற்கும் நான்கு கருவறைகளும் 1863-இல் கட்டியவை. இசுமோ கோயிலைப் பற்றிய கதை 712-இல் தொகுத்த கோஜிகி என்ற பழங்கதை நூலிலேயே வந்துவிடுகிறது, கட்டடமோ 1744-ஐச் சேர்ந்தது. இசே பெருங்கோயில் இதில் உச்சம்: பழைமையான வடிவம், ஆனால் கட்டடம் 2013-இல் எழுப்பியது. இருபது ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்திலேயே காலியாக இருக்கும் மனையில் அதே அளவில் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை அங்கே மாற்றி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். பேரரசி ஜிதோ காலத்தில் 690-இல் தொடங்கிய வழக்கம் இது, 2013-இல் நடந்தது 62-ஆவது முறை, அடுத்தது 2033. "1,300 ஆண்டுகளாக அச்சுப் பிசகாமல்" என்று எங்காவது படித்தால் முழுதாக நம்ப வேண்டாம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் இந்தப் பணி நின்றே போயிருந்தது, அதற்கப்புறம் மறுபடி தொடங்கியபோது சில விவரங்கள் மாறியிருக்கின்றன.

ஏன் இருபது ஆண்டு என்றால் பல காரணம் சொல்வார்கள்: தூய்மை, தச்சர்கள் அடுத்த தலைமுறைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வசதி, இப்படி. கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்று இருக்கிறது. இசேயில் தூணுக்கு அடிக்கல் கிடையாது, ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்தூணை நேரே மண்ணில் குழி தோண்டி நட்டிருக்கிறார்கள். அந்த ஈரத்தில் மரம் எத்தனை நாள் தாங்கும்?

அப்படியானால் நிஜமாகவே பழைய மரம் எங்கே இருக்கிறது? கியோட்டோவுக்குத் தெற்கே உஜி என்ற சிறு நகரத்தில், உஜிகாமி கோயிலில். அங்கே கடைசியில் போவோம், ஏனென்றால் அங்கே போவதற்கு முன் கண்ணைக் கொஞ்சம் பழக்க வேண்டும். (இசே கோயிலுக்கு முன்னால் இருக்கும் பாலத்துக்கும் உஜிப் பாலம் என்றுதான் பெயர். அது வேறு ஊர். ரயிலுக்குத் தேடும்போது கவனம்.)

எங்கே நிற்பது

தோரி வழியாக நுழையும்போது லேசாகத் தலை குனிந்துவிட்டு, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடங்கள். நடுப்பாதை தெய்வத்துக்கு. கைகழுவும் தொட்டியில் இடது கை, வலது கை, வாய் என்று சுத்தம் செய்துகொள்ளுங்கள், அகப்பையில் நேரே வாய் வைக்கக் கூடாது. ஒரு ஜோடிக் காவல் விலங்குகள் இருக்கும், பெரும்பாலும் ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். அதையும் தாண்டினால் மணிக்கயிறும் காணிக்கைப் பெட்டியும் இருக்கும் கட்டடம். எல்லாரும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

அது கோயில் இல்லை, கோயிலின் முன்மண்டபம். ஹைடென் என்பார்கள், மக்கள் வழிபட நிற்கும் இடம். தெய்வம் இருக்கும் ஹொண்டென் அதற்குப் பின்னால், வேலிக்கு உள்ளே, சில இடங்களில் முன்னாலிருந்து பார்த்தால் கண்ணிலேயே படாதபடி இருக்கும். நம் கோயிலில் திரை விலகினால் தீபாராதனையில் சாமியைப் பார்த்துவிடலாம், இங்கே அந்தத் தரிசனம் என்பதே கிடையாது. உள்ளே கண்ணாடியோ வாளோ வேறு ஏதோ ஒரு புனிதப் பொருள் இருக்கும், பல இடங்களில் பூசாரிகளே அதைப் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று புரிய நாரா மாநிலத்தில் இருக்கும் ஓமிவா கோயிலை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே ஹொண்டென் கிடையவே கிடையாது. பின்னால் இருக்கும் மிவா மலைதான் தெய்வம். 1664-இல் கட்டிய முன்மண்டபம் ஒன்று, அதற்குப் பின்னால் மூன்று தோரிகள் ஒட்டினாற்போன்ற ஒரு வாசல், அப்புறம் காடு. ஆதியில் ஷிண்டோ வழிபாடு இப்படி மலை, பாறை, மரம் ஆகியவற்றின் முன்னால் திறந்தவெளியில்தான் நடந்தது. நிலையான கட்டடம் பிறகு வந்தது, 6-ஆம் நூற்றாண்டில் பௌத்தம் பெரிய பெரிய விகாரைகளோடு ஜப்பானுக்குள் வந்ததும் அதற்கு ஒரு தூண்டுகோல் என்பது பரவலான கருத்து.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கும்பிட்டு முடித்ததும் திரும்பாதீர்கள். முன்மண்டபத்தின் பக்கவாட்டில், அனுமதி இருக்கும் வரை, வேலியை ஒட்டிப் பின்பக்கமாக நடங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் ஹொண்டெனின் கூரை முழுதாகத் தெரியும்.

கூரையிடம் கேட்க வேண்டியது

முதல் கேள்வி: கதவு எந்தப் பக்கம்? இரண்டு சரிவுள்ள கூரைக்கு இரண்டு முக்கோணப் பக்கமும் இரண்டு சரிவுப் பக்கமும் உண்டு. கதவு முக்கோணத்துக்குக் கீழே இருக்கிறதா, சரிவுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, கூரை நேராக இறங்குகிறதா, வளைந்து இறங்குகிறதா? மூன்றாவது, முன்சரிவும் பின்சரிவும் ஒரே நீளமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கதவு சரிவுப் பக்கம், கூரை நேர், பூச்சே இல்லாத மரம், புல் வேய்ந்த கூரை என்றால் அது இசேயின் ஷின்மெய் பாணி. களஞ்சியக் கட்டடத்திலிருந்து வந்த வடிவம் என்பார்கள், தரையிலிருந்து தூக்கிக் கட்டிய தளத்தைப் பார்த்தாலே அது விளங்கும். இரண்டு முக்கோணச் சுவருக்கும் வெளியே தனியாக ஒரு தூண் நின்று முகட்டைத் தாங்கும், அதைத் தவறவிடாதீர்கள். இசேயில் நாலு அடுக்கு வேலிக்கு வெளியே நின்று கூரை முகட்டை மட்டும்தான் பார்க்க முடியும் என்பதால், இந்தப் பாணியை நிதானமாக அருகில் பார்க்க ஆசைப்பட்டால் நாகானோ மாநிலத்தில் ஓமாச்சியில் உள்ள நிஷினா ஷின்மெய் கோயிலுக்குப் போங்கள். இன்று நிற்கும் ஷின்மெய் பாணிக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், கூட்டமும் குறைவு.

கதவு முக்கோணப் பக்கம் என்றால் இசுமோவின் தைஷா பாணியாக இருக்கலாம், ஒசாகாவின் சுமியோஷி பாணியாகவும் இருக்கலாம். சுமியோஷியில் நேர்க்கூரை, செந்தூரத் தூண், வெள்ளைச் சுவர், ஒரே மாதிரி நான்கு கருவறைகள், எல்லாம் 1810-இல் கட்டியவை.

இசுமோவில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஒன்பது தூண்கள், மூன்றுக்கு மூன்றாகச் சதுரம். நட்டநடுவில் ஒரு பெருந்தூண், முன்வரிசையிலும் நடுவில் ஒரு தூண், ஆகவே கதவை நடுவில் வைக்கவே முடியாது. அதனால் படிக்கட்டும் கதவும் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். உள்ளேயும் ஒரு விசித்திரம்: கட்டடம் தெற்கு பார்த்திருக்க, தெய்வமான ஓகுனினுஷி மேற்கு நோக்கி இருக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் வேலியைச் சுற்றி மேற்குப் பக்கம் போய் அவருக்கு நேரே நின்று இன்னொரு முறை கும்பிடுவார்கள், அதற்கென்று அங்கே இடமும் இருக்கிறது. மற்ற ஊரில் இரண்டு முறை கைதட்டினால் இங்கே நான்கு.

இப்போதைய கட்டடம் 24 மீட்டர் உயரம், அதுவே பெரிதுதான். ஆனால் பழைய காலத்தில் இது 48 மீட்டர் இருந்தது என்று பரம்பரையாகச் சொல்லிவந்தார்கள், தூண் ஒவ்வொன்றும் மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டியது என்று ஒரு பழைய வரைபடமும் இருந்தது. பலர் அதைக் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு வளாகத்தில் தோண்டியபோது, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள மூன்று சுகி (ஜப்பானிய சீடர்) மரங்களைச் சேர்த்துக் கட்டிய தூணின் அடி அப்படியே கிடைத்தது, மொத்தம் ஏறக்குறைய மூன்று மீட்டர் விட்டம், 13-ஆம் நூற்றாண்டு. 48 மீட்டர் உண்மையா என்பதில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை, ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்க இப்போது ஆள் இல்லை. கருவறைக்கு முன்னால் இருக்கும் வாசலருகே தரையில் மூன்று மூன்றாக வட்டம் போட்டிருப்பார்கள், அது தூண் கிடைத்த இடம். படம் எடுக்கிற அவசரத்தில் அதன் மேலேயே நின்றுகொண்டு கவனிக்காமல் போகிறவர்கள் நிறைய. தூணின் அடி பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கட்டாயம் போய்ப் பாருங்கள்.

முகட்டின் மேலும் ஒரு பார்வை. இரு முனையிலும் எக்ஸ் வடிவில் வானத்தைப் பார்த்து நிற்கும் மரங்கள் சிகி, முகட்டின் குறுக்கே வரிசையாகப் படுத்திருக்கும் உருளைகள் கட்சுவோகி. சிகியின் நுனியைச் செங்குத்தாக வெட்டியிருந்தால் ஆண் தெய்வம், கிடைமட்டமாக வெட்டியிருந்தால் பெண் தெய்வம், உருளைகள் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இசேயின் உட்கோயிலில் அமதெராசு தேவிக்குக் கிடைமட்ட வெட்டு, பத்து உருளைகள், கணக்கு சரி. வெளிக்கோயிலில் தோயோஉகே, அவரும் தேவிதான், ஆனால் செங்குத்து வெட்டு, ஒன்பது உருளைகள்! நாட்டின் முதன்மையான கோயிலிலேயே உதைக்கிற விதியை நான் விதி என்று எடுத்துக்கொள்வதில்லை.

வளைந்த கூரைக்கு வருவோம். முக்கோணப் பக்கம் கதவு, வளைந்த கூரை, கதவுக்கு மேலே முன்னால் நீட்டிய ஒரு சிறு கூரை என்றால் கசுகா பாணி. அடுத்ததுதான் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது: கதவு சரிவுப் பக்கம், முன்சரிவு பின்சரிவைவிட நீளமாக வளைந்து இறங்கிப் படிக்கட்டையும் மூடிக்கொண்டு வரும். நாகரே பாணி. நாட்டில் மிக அதிகமாக இருக்கும் பாணி இதுதான், கியோட்டோவின் இரண்டு கமோ கோயில்களும் இதற்கு முன்மாதிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம், முன்னால் நின்றால் வாழ்நாள் முழுக்கத் தெரியாது.

கருவறையும் முன்மண்டபமும் இடையில் ஓர் அறையால் இணைந்து ஒரே கட்டடமாகி, கூரைக்கு மேல் கூரையாகச் சிக்கலாக இருந்தால் அது கொங்கென் பாணி, பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கியோட்டோவின் கிதானோ தென்மான் கோயில் 1607, நிக்கோவின் தோஷோ கோயில் இப்போதைய உருவில் 1636. நிக்கோவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, விட்டுவிடுகிறேன்.

உஜிகாமியில் கண்ணைக் கிட்டே கொண்டுபோங்கள்

கெய்ஹான் ரயிலில் உஜி நிலையத்தில் இறங்கி ஆற்றங்கரையோடு பத்து நிமிட நடை. வழியில் உஜி கோயில் என்று ஒன்று வரும், அது இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே. 1868-இல் தொடங்கிய மெய்ஜி காலம் வரை இரண்டும் சேர்ந்து ஒரே கோயில்தான். கட்டணம் கிடையாது. முதலில் பார்க்கும்போது "இதற்கா வந்தோம்" என்றுதான் தோன்றும், அவ்வளவு சின்னது.

முன்மண்டபத்துக்கு எதிரே கூம்பாகக் குவித்த இரண்டு மணல்குவியல்கள். மண்டபம் தாழ்வான, அகலமான, ஒரு பிரபு வீட்டுச் சாயல் உள்ள கட்டடம், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதைச் சுற்றிப் பின்னால் போய்ப் படியேறினால் மரச்சட்டப் பின்னல் போட்ட நீண்ட கட்டடம் ஒன்று இருக்கும். அது வெறும் போர்வை. பின்னலுக்கு நடுவே கண்ணை வைத்துப் பாருங்கள், உள்ளே மூன்று சிறிய நாகரே கருவறைகள் வரிசையாக இருக்கும், நடுவில் இருப்பது மட்டும் அளவில் சிறியது. 2004-இல் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து பார்த்ததில், இதற்கான மரம் 1060 வாக்கில் வெட்டியது என்று தெரிந்தது. இன்று நிற்கிற ஷிண்டோ கோயில் கட்டடங்களில் இதைவிடப் பழையது இல்லை. ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பியோதோ-இன் பௌத்தக் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம் 1053-இல் முடிந்தது, அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறைத் தச்சர்களின் காலம். அந்தப் பெரிய விகாரைக்குக் காவல் தெய்வமாக இந்தக் கோயில் இருந்தது.

நடுவில் இருப்பவர் பேரரசர் ஓஜின், இருபுறமும் அவருடைய பிள்ளைகள். இளையவர் உஜி நோ வாகிஇராட்சுகோவைத்தான் அப்பா பட்டத்துக்கு நியமித்தார், அவரோ அண்ணன் இருக்க நான் ஏறுவதா என்று மறுக்க, அண்ணனும் மறுக்க, அரியணை மூன்று ஆண்டு காலியாகக் கிடந்து, கடைசியில் தம்பி உயிரை விட்டார் என்று 720-இல் தொகுத்த நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூல் சொல்கிறது. அண்ணன் நிந்தோகு பேரரசரானார்.

சரி, மரவளைய ஆய்வு இல்லாமல் ஒரு கட்டடம் பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, உத்திரத்துக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவில், காலை அகட்டி உட்கார்ந்த தவளை மாதிரி ஒரு மரத்துண்டு இருக்கும். பெயரே தவளைக்கால்தான், ஜப்பானிய மொழியில் கயெருமாட்டா. உஜிகாமியில் இருப்பது மெல்லிய இரண்டு வளைவுகள், நடுவில் சின்னதாக ஒரு வேலைப்பாடு, மற்றபடி வெற்றிடம். 11, 12-ஆம் நூற்றாண்டுகளின் தவளைக்கால்கள் இவ்வளவு நன்றாக எஞ்சியிருப்பது அபூர்வம். காலம் போகப்போக அந்த வெற்றிடத்துக்குள் கொடி, பூ, பறவை, மனிதர் என்று புகுந்து, 17-ஆம் நூற்றாண்டில் வண்ணம் பூசிய சிற்பமாகவே ஆகிவிடும். தவளைக்காலுக்குள் மயிலும் புலியும் உலாவினால் கட்டடம் அவ்வளவு பழையதில்லை.

மற்றது தூணின் விளிம்பு. நாகரே கோயிலில் கருவறையின் உள்தூண்கள் உருண்டை, முன்னால் படிக்கட்டருகே கூரையைத் தாங்கும் தூண்கள் சதுரம். சதுரத்தூணின் நான்கு மூலையையும் சாய்வாகச் சீவியிருப்பார்கள். அந்தச் சீவல் அகலமாக, தூண் ஏறக்குறைய எண்கோணம் என்று சொல்லும் அளவுக்கு இருந்தால் பழையது, கோடு இழுத்தாற்போல மெல்லியதாக இருந்தால் பிந்தியது. ஹெய்யன் காலத்திலிருந்து (794-1185) எடோ காலம் (1603-1868) வரை சீவல் வரவரக் குறுகிக்கொண்டே போகிறது. பழுது பார்க்கும்போது தூணை மாற்றியிருக்கலாம் என்பதால் ஒரே தூணைப் பார்த்து முடிவுக்கு வராமல் நாலைந்தைப் பாருங்கள். எனக்கு இந்த அடையாளம்தான் பிடிக்கும், ஏனென்றால் எந்தப் பலகையிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள், நேரில் போய் நின்றால்தான் தெரியும்.

உத்திரம் தூணைத் தாண்டி வெளியே நீட்டும் முனையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கத்தலை, யானைத்தலை என்று குடைந்திருந்தால் எடோ காலத்துக் கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போவதற்கு முன்

கோயில் வளாகத்தில் ஐந்தடுக்குப் பௌத்த கோபுரம் நிற்கிறதே என்று குழம்ப வேண்டாம். 1868-இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவு போடும் வரை, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இரண்டும் ஒரே வளாகத்தில்தான் குடியிருந்தன. அப்போது பல இடங்களில் புத்தர் சிலைகளையும் மண்டபங்களையும் உடைத்தார்கள், விற்றார்கள். தப்பியவை அங்கங்கே உண்டு, ஹிரோஷிமா அருகே இட்சுகுஷிமா கோயிலை ஒட்டி நிற்கும் 1407-ஆம் ஆண்டுக் கோபுரம் மாதிரி.

பலகையில் காலத்தின் பெயர் மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. ஹெய்யன் 794 முதல் 1185 வரை, காமகுரா 1333 வரை, முரோமாச்சி 1573 வரை, எடோ 1603 முதல் 1868 வரை என்று கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன தொலைநோக்கி இருந்தால் நல்லது, வேலிக்கு வெளியே நின்று தவளைக்காலைப் பார்க்க வெறுங்கண் போதாது. வெயில் உச்சியில் இருக்கும்போது கூரை நிழலில் ஒன்றும் தெரியாது, காலையிலேயே போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று, ஹினோக்கி மரப்பட்டையால் வேய்ந்த கூரையை முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும், அந்த வேலை நடக்கும்போது கட்டடம் முழுவதையும் சாரம் கட்டி மூடிவிடுவார்கள், அதுவும் மாதக்கணக்கில். கிளம்புவதற்கு முன் அந்தக் கோயிலின் இணையதளத்தில் கூரை வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.